‘செவன்’ முதல் படமாம்!

பழைய ரீல்: "பாடகி மடோனாவுக்குப் பாட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சர், 1995ல் முதல் படம் ‘செவன்’லேயே சிக்ஸர் அடித்தார்" என்று நேற்று ஒருவர் எழுத, அதற்கு லைக் வேறு குவிகிறது. ஏன் சாமி, 1992ல் வந்த ‘ஏலியன் 3’ யார் எடுத்தது, உங்க மாமாவா?

குமரன்: எழுதியது நான்தான், மாமாவை விடுங்க. என்னைவிட அந்தப் படத்தை வெறுப்பவர் யாருமில்லை என்று ஃபிஞ்சரே பேட்டியில் சொல்லிவிட்டார். பெற்றவரே வேண்டாம் என்கிறபோது உங்களுக்கென்ன வந்தது?

பழைய ரீல்: டைட்டிலில் அவர் பெயர் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

நிழல்: ரீல் அண்ணே, திரைக்கதை முடியாமலே பைன்வுட் ஸ்டுடியோவில் ஷூட்டிங் தொடங்கிய படம் அது. கடைசி எடிட்டிங்குக்கு முன்பே மனுஷன் கிளம்பிவிட்டார். 2003ல் வந்த நீளமான வடிவத்திலும் அவர் கை வைக்கவில்லை.

பழைய ரீல்: கிளம்பினாலும் பெயர் இருக்கு தம்பி. இன்னொன்று, மடோனாவுக்கு ஃபிஞ்சர் எடுத்த ‘ஓ ஃபாதர்’ பாட்டு வீடியோ பார்த்திருக்கீங்களா? 1989, கறுப்பு வெள்ளை, பனி கொட்டுகிறது, செத்துக் கிடக்கும் அம்மாவின் உதடுகளைத் தைத்து வைத்திருக்கிறார்கள், சின்னப் பெண் எட்டிப் பார்க்கிறாள். ஒளிப்பதிவு ஜோர்டன் க்ரோனன்வெத். அதே ஆளைத்தான் ‘ஏலியன் 3’க்கும் கூட்டிப்போனார், பாவம், உடம்புக்கு முடியாமல் பாதியில் விலகிவிட்டார். பிறகு ‘ஃபைட் கிளப்’ எடுத்தது அவர் மகன் ஜெஃப். நடுவில் இருக்கிற படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வரலாறு எழுதுகிறாராம் ஒருத்தர்.

குமரன்: ஃபிஞ்சரோட ‘ஜோடியாக்’ படம் பார்த்துத் தூங்கிப்போனேன் என்று போன வருஷம் எழுதிய மேதை ஃபிஞ்சர் பாடம் எடுக்கிறார், கேட்டுக்கோங்க மக்களே.

பழைய ரீல்: தூக்கம் வந்தது, சொன்னேன். டைட்டிலில் பெயர் இருக்கா?

சோடாபுட்டி: வீடியோக்காரர்களுக்குப் பளபளப்புதான் தெரியும், கதை தெரியாது. ஃபிஞ்சர் இருந்த ப்ராபகண்டா ஃபிலிம்ஸ் என்ற வீடியோ கம்பெனியிலிருந்துதான் இயக்குநர் மைக்கேல் பேயும் வந்தார். அங்கே எல்லாம் ஒரே சரக்கு.

நிழல்: மைக்கேல் பேயையும் ஃபிஞ்சரையும் ஒரே தட்டில் வைத்த உமக்குக் கண்ணாடி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சோடாபுட்டி: மைக்கேல் பே எடுத்த ‘தி ராக்’கை எத்தனை தடவை பார்த்தீர், உண்மையைச் சொல்லும்.

பழைய ரீல்: பேச்சை மாற்றாதீங்க. குமரன் இன்னும் பதில் சொல்லவில்லை.

குமரன்: சொல்லியாச்சு. ‘செவன்’தான் முதல் படம். போய்ப் படுங்க.

பழைய ரீல்: ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கேன்.

சோடாபுட்டி: ‘தி ராக்’ பற்றி யாரும் வாயைத் திறக்கக் காணோமே!