யூட்டா வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, பையன் ஏதோ மிஷன்னு சொல்றான், ஃபார்ம்ல கையெழுத்து கேக்கறான், ப்ளீஸ் யாராவது சொல்லுங்க

கோவை_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். நாங்க லீஹைல இருக்கோம், ஹஸ்பண்டுக்கு இங்க ப்ராஜெக்ட். எதிர் வீட்டுப் பையன் என் பையனுக்கு ஃப்ரெண்டு, இப்பதான் ஸ்கூல் முடிச்சான், அவன் மிஷன் போறானாம், காலேஜ் கீலேஜ் எல்லாத்தையும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டு. போன வாரம் அவங்க வீட்ல ஒரே கூட்டம், எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க, தாத்தா பாட்டி வீடியோ கால்ல உக்காந்திருக்காங்க, அந்தப் பையன் போன்ல எதையோ திறந்து சத்தமா படிக்கிறான், பிலிப்பைன்ஸ்னு சொன்னதும் எல்லாரும் கத்தறாங்க, அவங்கம்மா சிரிச்சுக்கிட்டே அழறாங்க. நான் மிலிட்டரி ஆர்டர்னே நினைச்சேன். வீட்டுக்கு வந்த அப்பறம்தான், மார்மன்னு ஒரு கிறிஸ்தவ சபையாம், அதுக்காக மதப் பிரச்சாரத்துக்குப் போறான்னு என் பையன் சொன்னான். அன்னைலருந்து தூக்கம் போச்சு. இப்ப என் பையனும் ஒரு ஃபார்ம் கொண்டு வந்து வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடுங்கறான். போடலாமா? இந்தப் பசங்க எதுக்கு இப்படிப் போறாங்க, யாராவது கட்டாயப்படுத்தறாங்களா, சம்பளம் ஏதும் தர்றாங்களா? ஹஸ்பண்ட் ட்ராவல்ல இருக்கார், சொன்னா டென்ஷனாயிடுவார். அவசரம்.

மினியாபொலிஸ்_முருகன்
சிஸ்டர் வெல்கம் டு யூஎஸ். முதல்ல காருக்கு விண்டர் டயர் போட்டாச்சா? நான் வந்த புதுசுல யாருமே சொல்லல, முதல் பனிக்கே கார் பார்க்கிங் லாட்டை விட்டு நகரல, ரூம்ல ஹீட்டர் வேலை செய்யல, ஓனர் போன எடுக்கல, ரெண்டு ஜாக்கெட் போட்டுக்கிட்டு மேகி சாப்பிட்ட காலம் அது. அப்ப வெள்ளைச் சட்டை டை கறுப்பு பேட்ஜோட ரெண்டு பசங்க வந்து காரைத் தள்ளி விட்டாங்க, ஒரு டாலர் கூட வாங்கல. புக் ஒண்ணு குடுத்தாங்க, இன்னும் ஷெல்ஃப்ல இருக்கு. பயப்படாதீங்க. ஆனா டயர் முக்கியம்.

டல்லாஸ்_தமிழன்
எதுலயும் கையெழுத்து போடாதீங்க. இப்ப ஃபார்ம்பாங்க, அடுத்து ஞானஸ்நானம்பாங்க. ஹஸ்பண்ட்கிட்ட சொல்லி டெக்ஸாஸ்க்கு ட்ரான்ஸ்ஃபர் கேக்கச் சொல்லுங்க, இங்க கோயில் இருக்கு, தமிழ் ஸ்கூல் இருக்கு, மாவு பாக்கெட் கிடைக்குது.

ப்ரோவோ_பழசு
அக்கா, முதல்ல அது என்ன ஃபார்ம்னு பாத்து சொல்லுங்க. மேல என்ன எழுதியிருக்கு? பையன் எந்த க்ரேட், என்ன வயசு? அது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

அதுக்குள்ள நீங்க கேட்டதுக்கு பதில். நான் இங்க யூட்டாவுலயே ப்ரோவோல படிச்சேன், ரூம்மேட் எல்லாருமே மிஷன் போயிட்டு வந்தவங்க. சம்பளம் கிடையாது, அவங்கதான் கட்டணும், அமெரிக்கப் பசங்களுக்கு மாசம் 500 டாலர், 2020 ஜூலை வரைக்கும் 400ஆ இருந்துச்சு. சின்ன வயசுலருந்தே புல்லு வெட்டி பேபிசிட்டிங் பண்ணி சேத்து வைப்பாங்க, பத்தலைன்னா வீட்ல போடுவாங்க. எந்த ஊருன்னு அவங்க கேக்க முடியாது, தலைமையிடத்துலருந்து வர்றதுதான், அந்த லெட்டரைத்தான் நீங்க பாத்த பையன் போன்ல திறந்து படிச்சது. பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு 18 மாசம். காலைல 6:30க்கு எந்திரிக்கணும், ராத்திரி 10:30க்கு லைட் ஆஃப், எங்க போனாலும் ஜோடியா ஒரு கம்பேனியன் கூடத்தான், சினிமா கிடையாது, டேட்டிங் கிடையாது. வீட்டுக்கு போன் பேசறதே முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், கிறிஸ்துமஸுக்கும் அம்மாக்கள் தினத்துக்கும், 2019 பிப்ரவரிலதான் வாராவாரம் பேசலாம்னு மாத்தினாங்க.

இவ்வளவு கெடுபிடிலயும் எதுக்குப் போறாங்கன்னா, முதல் காரணம் நிஜமாவே நம்பறாங்க. கிறிஸ்துவோட ஒரிஜினல் சபை நடுவுல இல்லாமப் போயிடுச்சு, 1830ல ஜோசப் ஸ்மித் மூலமா திரும்ப வந்துச்சுங்கறது அவங்க நம்பிக்கை. அதோட, அவங்க கோயில்ல முறைப்படி சேத்து வச்ச குடும்பம் செத்த பிறகும் சேந்தே இருக்கும்னு நம்பறாங்க. அதை நம்பற 18 வயசுப் பையனுக்கு, ஊர்ல யாருக்கும் சொல்லாம நாம மட்டும் வச்சுக்கிட்டு இருக்கறது தப்புன்னுதான தோணும். ரெண்டாவது கடமை. உடம்பும் ஒழுக்கமும் சரியா இருக்கற ஒவ்வொரு பையனும் போகணும்னு 1974லயே கிம்பல்ங்கற தலைவர் அழுத்தமா சொல்லிட்டார், இன்னைக்கும் பசங்களுக்கு அது கடமைதான், பொண்ணுங்க இஷ்டப்பட்டா போகலாம். மூணாவது வீடு. அப்பா கொரியா போனார், அண்ணன் பெரு போனான், ஹால்ல உலக மேப் மாட்டி ஊசி குத்தி வச்சிருப்பாங்க, தம்பி தினமும் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடறான்.

அப்பறம் யாரும் வெளிய சொல்லாத காரணம் ஒண்ணு இருக்கு. என் ரூம்மேட் ஒருத்தன் பிரேசில் போயிட்டு வந்தவன், அடில ஓட்டை விழுந்த கறுப்பு ஷூவை துடைச்சு புக் ஷெல்ஃப்ல வச்சிருப்பான், தூக்கத்துல போர்ச்சுகீஸ் பேசுவான். அவன்கிட்ட ஒரு நாள் கேட்டேன். போறப்ப எனக்கே முழுசா நம்பிக்கை இல்லடா, இது உண்மையா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன், மத்தவங்களுக்கு தினமும் சொல்லச் சொல்ல எனக்கே புரிஞ்சுதுன்னான். அவன் அங்க மாத்தினது ரொம்பக் கொஞ்சம் பேரை. மாறினது அவன்தான்.

சால்ட்லேக்_சங்கரி
பழசு ப்ரோ அழகா எழுதிட்டீங்க, ஆனா தேன் கொஞ்சம் ஜாஸ்தி. பத்து வயசுலருந்து மாமா, சித்தி, பிஷப் (உள்ளூர் சர்ச் தலைவர்), பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் "மிஷன் எப்ப"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு சாய்ஸா? நம்ம ஊர்ல +2 முடிச்சவன்கிட்ட "இன்ஜினியரிங்கா மெடிக்கலா"ன்னு கேப்போம்ல, ரெண்டுல ஒண்ண அவனே தேர்ந்தெடுத்தான்னு அப்பறம் பெருமையா வேற சொல்லுவோம், அந்த மாதிரிதான். சில பொண்ணுங்க மிஷன் போயிட்டு வந்தவனைத்தான் கட்டிப்பேன்னு ஓப்பனாவே சொல்லுவாங்க.

என் கூட வேலை பாத்த ஒருத்தர் டிப்ரஷன்ல பாதியிலயே திரும்பி வந்தவர். உடம்பு சரியில்லாதவங்களை கவுரவமாவே விடுவிக்கிறாங்க, ஊர்லயே இருந்து சேவை பண்ற மிஷனும் இருக்கு, அதெல்லாம் ரூல்ல சரியாத்தான் இருக்கு. ஆனா தெருவுல பாக்கறவன் எல்லாம் "சீக்கிரம் வந்துட்டியே"ன்னு கேட்டா என்ன பண்றது? அவர் கடைசில வேற ஸ்டேட்டுக்கே போயிட்டார். இதையும் அந்தம்மா தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு ஒத்துக்கறேன், பொண்ணுங்க கதை வேற. அவங்களுக்கு கடமைன்னு யாரும் சொல்லல, 2012 அக்டோபர்ல வயசை 21லருந்து 19 ஆக்கினதும் (பசங்களுக்கு 19லருந்து 18) அலையலையா கிளம்பினாங்க. 21ன்னா கல்யாணமா மிஷனான்னு நிப்பாங்க, 19 ஆனதும் அந்தக் குழப்பம் போச்சு. சால்ட்லேக்ல அவங்க பெரிய கோயில் இருக்கற டெம்பிள் ஸ்கொயர் பக்கம் போனா பாருங்க, பெரும்பாலும் பொண்ணுங்கதான், பேட்ஜ் பக்கத்துல அவங்கவங்க நாட்டுக் கொடி குத்தியிருப்பாங்க. அவங்க முகத்துல கட்டாயம் தெரியல, அது உண்மை.

ஸ்கார்பரோ_ராசன்
நான் கனடாவுக்கு அகதியா வந்த புதுசில எனக்கு இங்கிலீஷ் ஒண்டும் சரியா வராது, வேலை தேடிப் போனா வாசலோட திருப்பி அனுப்பிப் போடுவினம், பேஸ்மென்டில ஆறு பேர். அப்ப இந்த ரெண்டு பொடியள்தான் சேர்ச்சில சும்மா இங்கிலீஷ் கிளாஸ் வைச்சவங்கள். பத்தொன்பது வயசு, மீசை கூட ஒழுங்கா முளைக்கேல்ல, ஆனா பொறுமையா சொல்லித் தந்தவங்கள். நான் சேரேல்ல, இண்டைக்கும் முருகன் கோயிலுக்குத்தான் போறன், அவங்களும் கோவிக்கேல்ல. சங்கரி பிள்ளை சொல்லுற அழுத்தம் இருக்கலாம், ஆனா அழுத்தத்தில வந்தவன் அப்பிடிச் சிரிச்ச முகத்தோட மாசக்கணக்கா கிளாஸ் எடுக்க மாட்டான் எண்டுதான் நான் நினைக்கிறன்.

சோலார்_சோமு
எல்லாம் சேல்ஸ் ட்ரெய்னிங் பாஸ். ரெண்டு வருஷம் கதவைத் தட்டி மூஞ்சில அடிச்ச மாதிரி நோ வாங்கினவன் திரும்பி வந்து சம்மர்ல பூச்சி மருந்து, அலாரம், சோலார்னு விக்கறான், கம்பெனிக்காரன் தேடிப் புடிச்சு எடுக்கறான். லாங்குவேஜ் வேற ஃப்ரீயா வந்துடுது. அதிபர் தேர்தல்ல நின்ன மிட் ராம்னி கூட ஃபிரான்ஸ்ல மிஷன் பண்ணவர்தான், 66லருந்து 68 வரைக்கும், வியட்நாம் போர் நேரத்துல.

ப்ரோவோ_பழசு
@சோமு வந்த பிறகு கிடைக்கற லாபத்தை போனதுக்குக் காரணம்னு சொல்ல முடியாது. பூச்சி மருந்து விக்கறதுக்காக எவனும் ரெண்டு வருஷம் காதலிக்காம இருக்க மாட்டான்.

சோலார்_சோமு
ஹாஹா அது கரெக்ட்.

ஒரேம்_ஓரமா
இவ்வளவு பேசறோமே, இந்த ஊர்ல நல்ல கருவேப்பிலை எங்க கிடைக்குதுன்னு ஒருத்தராவது சொல்றீங்களா. ஆபீஸ்ல காபி மெஷின் கிட்ட நான் மட்டும் தனியா நிக்கறேன், இந்த சர்ச்சுக்காரங்க காபி டீ தொட மாட்டாங்க, ஆனா தெருவுக்குத் தெரு சோடா கடை, கார்ல வரிசைல நின்னு தேங்காய் சிரப் க்ரீம் எல்லாம் ஊத்தி பக்கெட் சைஸுல குடிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை லிக்கர் ஸ்டோர் மூடியிருக்கும். வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரங்க பிரெட் சுட்டுக் கொண்டு வந்தாங்க, சர்ச்சுக்கு வரலைன்னு தெரிஞ்சதும் பிரெட்டும் வரல.

மினியாபொலிஸ்_முருகன்
எங்களுக்கு பிரெட்டே வந்ததில்ல.

டல்லாஸ்_தமிழன்
அதான் சொல்றேன், டெக்ஸாஸ் வாங்க. மாசம் ஒரு தமிழ்ப் படம் உறுதி.

சால்ட்லேக்_சங்கரி
எங்க தெருவுல இன்னும் பிரெட் வருதுப்பா, ஆளைப் பொறுத்து. என் டீம்ல ஒருத்தன் பெங்களூர் மிஷன்ல இருந்தவன், ரசம் சாதத்தை கையால அள்ளி சாப்பிடறான், என் பசங்க ஸ்பூன் கேக்குதுங்க.

கோவை_அம்மா
எல்லாருக்கும் நன்றி, இப்பதான் வேலை முடிஞ்சுது. ஃபார்ம்ல ரிலீஸ்ட் டைம்னு போட்டிருக்கு, செமினரின்னு இருக்கு, பேரன்ட் கையெழுத்துன்னு கோடு இருக்கு. பையனுக்கு 16, 11வது. ஸ்கூலை ஒட்டி ஒரு சின்ன கட்டடம் இருக்காம், எதிர் வீட்டுப் பையனோட தம்பியும் இவனும் அங்க போவாங்களாம். செமினரின்னா ஊர்ல சாமியார் படிப்புதானே? எனக்கு கை கால் ஓடல.

ப்ரோவோ_பழசு
இதை முதல்லயே போட்டிருந்தா முருகன் அண்ணன் டயர் பத்தி எழுதியிருக்கவே மாட்டார் 😄

அக்கா, இது மிஷன் ஃபார்மே இல்ல. யூட்டாவுல ஹைஸ்கூல் பசங்க ஒரு பீரியட் ஸ்கூலை விட்டு வெளிய போய் வேதப் பாடம் படிக்கலாம், அதுதான் ரிலீஸ்ட் டைம். கட்டடம் சர்ச்சோடது, அதனாலதான் ஸ்கூலுக்கு வெளிய தனியா இருக்கு. பெத்தவங்க சம்மதம் எழுத்துல இல்லாம ஸ்கூல் அனுப்பாது. சாமியார் படிப்பு இல்ல, மெம்பர் இல்லாத பசங்களும் ஃப்ரெண்ட்ஸுக்காகப் போறதுண்டு. போடறதும் போடாததும் உங்க இஷ்டம், போடலைன்னா ஸ்கூல்ல ஒண்ணும் ஆகாது.

ஆனா நீங்க கவலைப்பட வேண்டியது வேற. அந்தப் பீரியடுக்கு ஸ்கூல் க்ரெடிட், அதாவது ஸ்கூல் படிப்பை முடிக்கத் தேவையான பாயின்ட், கிடையாது. இந்தியாவுலருந்து நடுவுல வந்த பையனுக்கு க்ராஜுவேஷன் க்ரெடிட் ஏற்கனவே இடிக்கும், யூஎஸ் ஹிஸ்டரி அது இதுன்னு பாக்கி இருக்கும். நாளைக்கே ஸ்கூல் கவுன்சலருக்கு போன் போட்டு, எந்த சப்ஜெக்டை எடுத்துட்டு இதைப் போடறான்னு கேளுங்க.

மிஷனுக்கு அவன் நினைச்சாலும் இப்ப போக முடியாது. முதல்ல மெம்பர் ஆகணும், 18 வயசுக்குள்ளன்னா பெத்தவங்க சம்மதம் இல்லாம ஞானஸ்நானமே குடுக்க மாட்டாங்க, புதுசா சேந்தவங்க குறைஞ்சது ஒரு வருஷம் மெம்பரா இருந்த அப்பறம்தான் மிஷனுக்கே அப்ளை பண்ணலாம், அதுக்கும் பிஷப் இன்டர்வியூ, டாக்டர் செக்கப்னு வரிசையா இருக்கு. ஒரு கையெழுத்துல யாரையும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

சால்ட்லேக்_சங்கரி
விசாவையும் பாத்துக்கோங்க. ஹஸ்பண்டோட வேலை விசா எல்1ஆ எச்1ஆன்னு நீங்க சொல்லவே இல்ல, எதுவா இருந்தாலும் டிபெண்டன்ட் விசா பையனுக்கு 21 வரைக்கும்தான். அதுக்கு முன்னாடியே காலேஜ், எஃப்1 (ஸ்டூடன்ட் விசா) ப்ளான் எல்லாம் லாயர்கிட்ட பேசிடுங்க. செமினரியை விட இதுதான் அவசரம்.

பையன்கிட்ட நேரா கேளுங்க, சாமிக்காகப் போறியா ஃப்ரெண்டுக்காகப் போறியான்னு. புது ஊர்ல லஞ்ச் டேபிள்ல கூட உக்கார ஒரு ஆள் வேணும்னு போற பசங்கதான் பாதி.

கோவை_அம்மா
இப்பதான் கேட்டேன். எல்லாரும் அந்தப் பீரியட்ல அங்க போயிடறாங்க, நான் மட்டும் லைப்ரரில தனியா உக்காந்திருக்கேன்னு சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கவுன்சலரைக் கேட்டுட்டு அப்பறம் கையெழுத்து போடறதா வேண்டாமான்னு பாக்கறேன், ஹஸ்பண்ட் எல்1, அவர்கிட்டயும் இன்னைக்கு ராத்திரி சொல்லிடறேன். இன்னொண்ணு, எதிர் வீட்டுப் பையன் கிளம்பறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பேசறானாம், எங்களையும் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா? என்ன கொண்டு போறது?

ப்ரோவோ_பழசு
தாராளமா போங்க. நடுவுல தட்டுல ரொட்டியும் குட்டிக் கப்புல தண்ணியும் வரும், அது அவங்க சடங்கு, எடுக்க வேண்டாம், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நகர்த்துங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பேச்செல்லாம் சாதாரண ஆளுங்கதான், சம்பளத்துக்கு பாஸ்டர் கிடையாது, குழந்தைங்க ஒரே சத்தம் போடும். மார்மன்னு சொல்றதை 2018லருந்து அவங்க விரும்பறதில்ல, சர்ச்னு மட்டும் சொல்லிக்கோங்க. பரிசுன்னா வாழ்த்து கார்டுல கொஞ்சம் பணம், இல்ல நல்ல சாக்ஸ் நாலு ஜோடி, பிலிப்பைன்ஸ்ல நடந்தே தேஞ்சுடும். வீட்ல சாப்பாடு வச்சா புளியோதரை பண்ணிட்டுப் போங்க, காரம் கம்மியா. காபி பவுடர் மட்டும் குடுத்துடாதீங்க.

கோவை_அம்மா
புடவையா சுடிதாரா?

சால்ட்லேக்_சங்கரி
ரெண்டும் ஓகே. ஏசி ஜாஸ்தியா இருக்கும், ஷால் எடுத்துக்கோங்க. ஹஸ்பண்ட் வந்துட்டா அவருக்கு டை.

ஒரேம்_ஓரமா
கருவேப்பிலை??