ரூட் கேனல்: வேர்க்கால்வாயா, வேர்ப்புழையா?

அனைவருக்கும் வணக்கம். பல்லின் வேருக்குள் ஓடும் குடைவான 'ரூட் கேனலு'க்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> வேர்க்கால்வாய் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் குழந்தைகளின் பால் பற்களை முப்பரிமாண ஸ்கேனில் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும். கால்வாய் மேலே திறந்து கிடப்பது, ஆட்கள் வெட்டியது. வேருக்குள் இருப்பதோ நாற்புறமும் மூடிய உட்குடைவு.

'வேர்க்குழல்' இதைவிட நெருங்கி வருகிறது. ஆனாலும் குழல் என்றதும் உருண்டைதான் மனதில் வரும். பால் கடைவாய்ப் பல்லின் வேரைக் குறுக்குவெட்டில் பாருங்கள்: பல இடங்களில் நாடாபோலத் தட்டையான பிளவுதான் தெரியும். ஒரே வேரில் கன்னப் பக்கம் ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று என்று பிரிந்து, இடையே மெல்லிய இணைப்பும் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகிவிடும். பற்கூழை (பல்லின் உள்ளிருக்கும் மென்திசுவை) நீக்கும்போது ஒரு கிளை விட்டுப்போனால் தொற்று அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் இந்த வடிவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறார்கள்.

என் பரிந்துரை: வேர்ப்புழை. துதிக்கையைப் 'புழைக்கை' என்று சொன்ன மொழி இது. இயற்பியல் பாடத்தில் 'நுண்புழை ஏற்றம்' இன்றும் இருக்கிறது. 'புழை' உள்ளே வெற்றிடம் உண்டு என்று மட்டும் சொல்லும், வட்டமா தட்டையா என்று சொல்லாது. கிளைப்புழை, துணைப்புழை என்று விரிக்கவும் எளிது.

இந்த முப்பரிமாணப் படம் எடுக்கும் கோன் பீம் சி.டி.க்கு 'கூம்புக்கற்றை ஸ்கேன்' போதும். ஸ்கேனைத் தமிழாக்கப் போராட வேண்டாம். வாக்செலுக்கு, அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறிய கன அலகுக்கு, 'கனப்புள்ளி' பொருந்தும். இவ்வகை ஸ்கேன்களில் அதன் பக்கம் பொதுவாக 0.075 முதல் 0.4 மி.மீ. வரை.

இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும். கீழே வளரும் நிலைப்பல்லுக்கு வழிவிட்டுப் பால் பல்லின் வேர் கரைந்துகொண்டே போகும். புழையின் நுனியும் இடம் மாறும். பற்கூழை நீக்கியபின் புழையை அடைக்கும் பசையும் வேரோடு சேர்ந்து கரைய வேண்டும் என்பது இதனால்தான். வேர் இப்படிக் கரைவதை 'வேர்க்கரைவு' என்று சொல்லலாம். 'தேய்வு' வேண்டாம், அது கடித்துத் தேய்வதோடு குழம்பும்.

அப்புறம், இந்தச் சொற்களுக்கான எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'ஆய்வுக்காகக் குழந்தைகளை ஸ்கேன் செய்தனர்' என்று எழுதாதீர்கள். வளரும் உடலுக்குத் தேவையின்றிக் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த படங்களையோ, பிடுங்கிய பற்களையோதான் ஆராய்கிறார்கள். இப்படி இருக்கட்டும்:

"முன்பே எடுக்கப்பட்ட கூம்புக்கற்றை ஸ்கேன்களில், பால் கடைவாய்ப் பற்களின் வேர்ப்புழைகள் எண்ணப்பட்டன, வேர்க்கரைவு தொடங்கிய பற்கள் சேர்க்கப்படவில்லை."

குழந்தைப் பல் மருத்துவர்கள் யாரேனும் இதைப் படித்தால், 'புழை' நோயாளியின் பெற்றோரிடம் சொல்ல ஏற்றதா என்று எழுதுங்கள்.