சர்க்கரை போடாத மாம்பழ ஐஸ்கிரீம்: கரண்டி வளைந்த கதை

தேனிக்காரி:
அப்பாவுக்கு 12 வருடமாகச் சுகர். மாம்பழ சீசன் வந்தாலே முகம் வாடிவிடும். அவருக்காகப் போன ஞாயிறு அரை லிட்டர் பால், கொஞ்சம் கிரீம், 300 கிராம் பங்கனப்பள்ளிச் சதை எல்லாம் அடித்து, 100 கிராம் சீனிக்குப் பதில் ஸ்டீவியா (ஓர் இனிப்பு இலையின் சாறு) சொட்டு விட்டு ஐஸ்கிரீம் செய்தேன். கலவையை வழித்து நக்கிப் பார்த்தபோது அருமை. மறுநாள் டப்பாவைத் திறந்தால் கருங்கல். ஸ்பூன் வளைந்துவிட்டது. கடைசியில் தோசைத் திருப்பியால் நெம்பினேன், சில்லு சில்லாக வந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "பல் செட்டு போட்டிருக்கேன்மா" என்றார். எங்கே தப்பு?

ரிட்டயர்டு வாத்தியார்:
ஐஸ்கிரீமில் சீனிக்கு இரண்டு வேலை. இனிப்பது ஒன்று, தண்ணீரை முழுக்க உறையவிடாமல் தடுப்பது இன்னொன்று. கரைந்த துகள்கள் கூடக்கூட உறைநிலை இறங்கும். அதனால்தான் மைனஸ் 18 டிகிரியிலும் கொஞ்சம் தண்ணீர் பாகாகவே தங்குகிறது, ஸ்பூன் இறங்குகிறது. ஸ்டீவியா சீனியைவிட 200, 300 மடங்கு இனிப்பு. நீங்கள் விட்ட சொட்டில் அது அரை கிராம் இருந்தாலே அதிகம். இனிப்பு வந்துவிட்டது. ஆனால் 100 கிராம் சீனி காலி செய்த இடத்தில் என்ன இருக்கிறது?

மிக்சி மன்னன்:
சீனிக்கு மாற்றாக விற்கும் எரித்ரிட்டால் பொடியைப் போடுங்கள் அக்கா. மூலக்கூறு சிறியது. ஒரே எடைக்குச் சீனியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு துகள். வாத்தியார் கணக்குப்படி வெண்ணெய் மாதிரி வரணும்.

ரிட்டயர்டு வாத்தியார்:
கரைந்தே இருந்தால் வரும். எரித்ரிட்டால் குளிரில் கரைந்து நிற்காது தம்பி. ஃப்ரீசருக்குள் போனதும் பெரும்பகுதி மறுபடி படிகமாகிவிடும், நாக்கில் மணல் நெருடும். போதாததற்குப் புதினா மிட்டாய் தின்றதுபோல ஒரு சில்லிப்பு வேறு. அல்லுலோஸ் என்ற இன்னொரு மாற்றுச் சர்க்கரை அப்படியல்ல. சீனியில் 70 சதவீத இனிப்புதான், ஆனால் ஃப்ரீசரில் மென்மையாகவே நிற்கும். விலையைக் கேட்டால் நாம்தான் உறைந்துபோவோம்.

கருப்பட்டிப் பிரியன்:
எதற்கு இந்தக் கெமிக்கல் எல்லாம்? கருப்பட்டி போடுங்கள், சுகர் ஏறாது.

ரிட்டயர்டு வாத்தியார்:
கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். வாசனைக்குப் போடுங்கள், மருந்தென்று போடாதீர்கள்.

ஊறுகாய் ஜாடி:
நான் எதிர்க்கட்சி. முதலில் கணக்குப் போடுவோம். அரை லிட்டர் பாலில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, 24 கிராம் இருக்கும். 300 கிராம் மாம்பழச் சதையில் சர்க்கரை சுமார் 40 கிராம். ஆக, நீங்கள் ஒரு சிட்டிகை சீனிகூடப் போடாத டப்பாவிலேயே 64 கிராம். எட்டுக் கப் என்றால் கப்புக்கு 8 கிராம். 100 கிராம் சீனி போட்டிருந்தால் கப்புக்குச் சுமார் 20. அதாவது சீனி போட்ட ஐஸ்கிரீமில் அரைக் கப் 10 கிராம், போடாததில் முழுக் கப் 8 கிராம். இந்த 2 கிராமுக்காகவா அப்பாவின் பல்லோடு விளையாட வேண்டும்? நல்லதாகச் செய்து அரைக் கப் கொடுங்கள். கடையில் விற்கும் சில பாக்கெட் பொடிகளில் இனிப்பூட்டி துளிதான், மீதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. அதுவும் சுகரை விறுவிறுவென்று ஏற்றிவிடும்.

மிக்சி மன்னன்:
அரைக் கப்போடு நிறுத்துகிற ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இரவு 11 மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் அப்பா, "தண்ணி குடிக்க வந்தேன்டா" என்பார். வாயோரத்தில் மஞ்சளாக இருக்கும். அந்த இரண்டாவது கப்பையும் உங்கள் கணக்கில் சேருங்கள். ஆளுக்கு ஒரு கப் என்று வைத்தால், என் வழியில் 12 கிராம் மிச்சம்.

ஊறுகாய் ஜாடி:
"சுகர் ஃப்ரீ" என்று சொல்லிக் கொடுத்தால் மூன்றாவது கப்பும் போகும், தம்பி. சரி, அதை விடுங்கள். உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் செயற்கை இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதே?

ரிட்டயர்டு வாத்தியார்:
பாதியைச் சொல்கிறீர்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்பதுதான் அந்தப் பரிந்துரை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. எரித்ரிட்டால் வகையறாவும் அதன் கணக்கில் வராது. ஸ்டீவியா வரும்.

ஊறுகாய் ஜாடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரித்ரிட்டாலின் பங்காளி மால்டிட்டாலைப் பற்றி என் வயிறு தனிப் பரிந்துரை எழுதும். ஒரே உட்காரலில் அது போட்ட முக்கால் பெட்டி "சர்க்கரை சேர்க்காத" சாக்லேட் தின்ற மறுநாள் நான் ஆபீஸ் போகவில்லை.

செல்லப்பிராணி வீடு:
வாதத்துக்கு நடுவில் ஒன்று. சைலிட்டால் என்ற இனிப்பூட்டியை வாங்குகிற யோசனை இருந்தால், வீட்டில் நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு அது விஷம், கொஞ்சம் நக்கினாலும் ஆபத்து.

மிக்சி மன்னன்:
சமாதானமாக ஒரு யோசனை. 40 கிராம் சீனி, மீதி இனிப்புக்கு ஸ்டீவியா. கலவை வாயில் கொஞ்சம் தூக்கலாக இனிக்க வேண்டும், உறைந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து மிக்சியில் ஓர் அடி. கொடுப்பதற்கு 20 நிமிடம் முன்னால் ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.

ஊறுகாய் ஜாடி:
40 கிராமுக்கு இறங்கி வந்தீர்கள் அல்லவா? அந்த ஸ்டீவியாவையும் விட்டுவிடுங்கள். பழம் நன்றாகக் கனிந்திருந்தால் அதுவே போதும். ஸ்டீவியாவின் பின்கசப்பு மாம்பழத்தைக் கெடுத்துவிடும்.

மிக்சி மன்னன்:
உங்கள் நாக்குக்குக் கசக்கும். எனக்குத் தெரிவதில்லை.

தேனிக்காரி:
நேற்று 40 கிராம் சீனியோடு செய்தேன். ஸ்டீவியா பாதி அளவுதான், ஜாடி சார் மன்னிக்கவும். ஸ்பூன் இறங்கியது, அப்பாவும் அரைக் கப் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அந்த மாங்கொட்டையை எங்கம்மா போட்டே?"