'கேஷியர்' செய்யப்பட்ட படை அதிகாரி: தமிழில் என்ன சொல்வது?

ஜார்ஜ் டவுன், மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். 1862 ஆகஸ்டில் இரண்டாம் புல் ரன் சண்டையில் தம் மேல்தளபதி ஜெனரல் போப்பின் கட்டளையை மீறியதாக ஜெனரல் ஃபிட்ஸ் ஜான் போர்ட்டர் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 1863 ஜனவரியில் அவரை 'கேஷியர்' செய்தார்கள், அதாவது அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இனி அரசில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது என்பதும் தீர்ப்பு. 'பணிநீக்கம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த மகள், "தொழிற்சாலையில் வேலை போனவருக்கும் இதே சொல்தானே அப்பா?" என்றாள்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, மகள் சரியாகவே கேட்டிருக்கிறாள். கடையில் பணம் வாங்கும் கேஷியர் பணப்பெட்டியிலிருந்து பிறந்த சொல். இது வேறு, உடைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வேர், டச்சு வழியாக வந்தது. (நம் 'காசு' போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்தில் கீழைநாட்டுச் செப்புக்காசின் பெயரானது தனிக்கதை, இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.) தொல்காப்பியம் போரைப் பற்றிச் சொல்லும் வஞ்சித் துறைகளில் 'மாராயம் பெற்ற நெடுமொழி' உண்டு. மாராயம் வேந்தன் தந்த சிறப்பு. அதைத் திரும்ப வாங்குவது 'மாராயப் பறிப்பு'. 'அதிகாரி'யும் வேண்டாம், குறளின் படைமாட்சி அதிகாரத்தில் படைத்தலைவர்களைக் குறிக்கும் 'தலைமக்கள்' காத்திருக்கிறது.

பட்டர்வொர்த், வரலாற்று விரிவுரையாளர்:
ஐயா, மாராயத்தை என் மாணவர்கள் அச்சுப்பிழை என்பார்கள். தலைமக்களை ஊர்ப் பெரியவர்கள் என்று படிப்பார்கள். 'இழிநீக்கம்' என்போம். அமெரிக்கப் படையின் 1806ஆம் ஆண்டுப் போர்விதிகளில் 85ஆவதைப் பாருங்கள். கோழைத்தனத்துக்காகவோ மோசடிக்காகவோ இப்படி நீக்கப்பட்டவரின் குற்றம், பெயர், ஊர், தண்டனை எல்லாம் முகாமைச் சுற்றியுள்ள செய்தித்தாள்களிலும் அவருடைய மாநிலச் செய்தித்தாள்களிலும் வர வேண்டும். அதன்பின் பிற அதிகாரிகள் அவரோடு பழகுவதே இழுக்கு. தொண்டர் படைகளில் பல கம்பெனிகள் ஒரே ஊர்க்காரர்களால் ஆனவை. தங்கள் அதிகாரிகளைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவை. அப்படி வந்த கேப்டனை எது அடக்கும்? சொந்த ஊர் பத்திரிகையில் பெயர் வருவதுதான். அவமானத்தை விட்டுவிட்டு இந்தத் தண்டனையை மொழிபெயர்க்க முடியாது.

ஜார்ஜ் டவுன், மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, போர்ட்டரை என்ன செய்வது? பின்னாளில் அமைத்த விசாரணைக் குழு 1879இல் நியாயம் அவர் பக்கம் என்றது. 1886இல் கர்னல் பதவி திரும்பக் கிடைத்தது. 'இழி' என்று நானே ஒட்டிவிட்டால் அதை எந்தக் குழு எடுக்கும்? பதவி பறிபோவதை மலாயில் 'லூச்சுட் ஜவாத்தான்' என்கிறோம். விரலிலிருந்து மோதிரம் நழுவினாலும் 'லூச்சுட்'தான். நம்மிடம் 'களைதல்' இருக்கிறதே. 'பதவி களைவு'! களைந்ததை மீண்டும் அணிவிக்கலாம்.

செந்தூல், வழக்கறிஞர்:
களைவு என்றதும் எனக்கு வயலில் களை பிடுங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. 'பதவிப் பறிப்பு' எல்லோருக்கும் புரியும்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'இடுக்கண் களைவதாம் நட்பு.' வேண்டாததைத்தான் களைவார்கள் என்பது சரி. ஆனால் உடையும் களைவோம், அணியும் களைவோம். களைவுக்கு என் ஆதரவு. மாராயத்தை இன்னும் கைவிடவில்லை.

ஜார்ஜ் டவுன், மொழிபெயர்ப்பாளர்:
வெள்ளி காலை. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பதவிப் பறிப்பு' என்றதால் அதையே வைத்துவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் 85ஆம் விதியை அடிக்குறிப்பாகத் தந்திருக்கிறேன். ஐயா, மன்னிக்கவும்.

பட்டர்வொர்த், வரலாற்று விரிவுரையாளர்:
அடிக்குறிப்புக்கு நன்றி. என் வகுப்புப் பலகையில் 'இழிநீக்கம்' என்றுதான் எழுதப்போகிறேன்.