நாள்பட்ட ஹெபடைடிஸ் பி: தடுப்பூசி மருந்தாகுமா?

கேள்வி: 0, 1, 6 மாதக் கணக்கில் போடும் வழக்கமான தடுப்பூசியை, ஏற்கெனவே நோய் நாள்பட்டவருக்குப் போட்டால் ஏன் பலனில்லை? ஏற்கெனவே உள்ள தொற்றை அடக்கப் போடும் சிகிச்சைத் தடுப்பூசி எதில் வேறுபடுகிறது?

பதில் 1: வழக்கமான ஊசியில் இருப்பது வைரஸின் வெளியுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டுமே. நோயாளியின் ரத்தத்தில் அது ஏற்கெனவே வெள்ளமாக ஓடுகிறது. இன்னும் சில மைக்ரோகிராம் சேர்ந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? வருடக்கணக்கில் அதையே எதிர்கொண்ட டி செல்கள் (நோயெதிர்ப்பு செல்கள்) களைத்து, பிடி-1 என்ற தடைப் புரதத்தைச் சுமந்து நிற்கின்றன. ஆன்டிபாடி உருவானாலும், புதிய செல்லுக்குள் வைரஸ் நுழைவதைத்தான் தடுக்கும். கல்லீரல் செல்லின் உட்கருவில் வளையமாகக் கிடக்கும் வைரஸ் டிஎன்ஏவை அது தொடாது. அதனால் சிகிச்சைத் தடுப்பூசிகளில் வைரஸின் உட்புறப் புரதங்களான கோர், பாலிமரேஸையும் சேர்த்து, தொற்றுள்ள செல்லை அழிக்கும் சிடி8 டி செல்களை எழுப்பப் பார்க்கிறார்கள்.

பதில் 2: வரிசையும் முக்கியம். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை வைரஸ் பெருக்கத்தை அடக்கும், ஆன்டிஜனைப் பெரிதாகக் குறைக்காது. மனித டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்ட வைரஸ் துண்டுகளிலிருந்தும் அது உற்பத்தியாகிறதே! ஆகவே வைரஸ் புரத உற்பத்தியை முடக்கும் எஸ்ஐஆர்என்ஏ ஊசியால் ஆன்டிஜனைக் குறைத்த பிறகு தடுப்பூசி என்ற முறை சோதனையில் உள்ளது. விடிபி-300 என்ற சிகிச்சைத் தடுப்பூசியில் முதல் ஊசி, ஹெபடைடிஸ் பி மரபணுக்களைச் சுமக்கும் சிம்பன்சி அடினோவைரஸ்; அடுத்தது அதேபோலச் சுமக்கும் எம்விஏ என்ற வலுவிழக்கச் செய்த வாக்சினியா வைரஸ். சில சோதனைகளில் கூடவே, பிடி-1 தடையை நீக்கும் நிவோலுமாப் குறைந்த அளவில். ஈஸ்ட் அடிப்படையிலான ஜிஎஸ்-4774 என்ற மற்றொரு சிகிச்சைத் தடுப்பூசியில் டி செல் எதிர்வினை கூடியும் ஆன்டிஜன் இறங்கவில்லை. டி செல் அளவீட்டை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: எதிர்வினை மிகுந்துவிட்டால்?

பதில் 1: பாதிக்கப்பட்ட கல்லீரல் செல்கள் கூட்டமாக அழிந்து, ரத்தத்தில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி நொதி எகிறும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவருக்கு அது உயிராபத்து. டெனோஃபோவிரைத் தானாக நிறுத்துவதும் அதே ஆபத்துதான். வெற்றிக்கு அளவுகோல்: மருந்தெல்லாம் நிறுத்தி 24 வாரங்களுக்குப் பிறகும் மேற்பரப்பு ஆன்டிஜனும் வைரஸ் டிஎன்ஏவும் ரத்தத்தில் தென்படாமை.