காப்பகத்தில் வாந்தி, பேதி வரிசையாகப் பரவுது. சானிடைசர் போட்டும் நிக்கலை

வாசுகி:
2 முதல் 4 வயசுப் பிள்ளைங்க இருக்கிற காப்பகம். ஒருத்தருக்கு வாந்தி வந்தா ரெண்டே நாள்ல அறை முழுக்கப் படுத்துடுது. கைக்குச் சானிடைசர், தரைக்கு ஃபினாயில். எங்கே கோட்டை விடுறோம்?

செவிலி:
ரெண்டு இடத்துலயும்தான். இந்த வேகத்துல பரவினா பெரும்பாலும் நோரோவைரஸ்ங்கிற வாந்தி-பேதி வைரஸ். அதுகிட்ட சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால் சரியா எடுபடாது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்ச்சு, ஓடுற தண்ணியில கழுவணும். சோப்பு கிருமியை வழுக்கி இறக்கும், தண்ணி அடிச்சுட்டுப் போகும்; எல்லாரும் ஒரே வாளியில கை முக்கினா வீண். பிள்ளைங்க கட்டைவிரலையும் விரல் நுனியையும் விட்டுடுவாங்க, பெரியவங்க பக்கத்துல நிக்கணும்.

துப்புரவு மேற்பார்வை:
தரைக்கு ஃபினாயிலை நம்பாதீங்க. மத்த பிள்ளைங்களை வேற அறைக்கு அனுப்பிட்டு ஜன்னலைத் திறங்க. கையுறை, முகக்கவசம் போட்டு, வாந்தி மேல காகிதத் துண்டைப் போர்த்தி, ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி அள்ளிப் பையில கட்டுங்க. சோப்புத் தண்ணியால துடைச்ச பிறகுதான் பிளீச். 5% திரவம்னா 100 மி.லி. எடுத்து, தண்ணி சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்க. தரை 10 நிமிஷம் ஈரமாவே இருக்கணும். தெளிச்ச உடனே துடைச்சா பலனில்லை. நிறைய பேர் அழுக்கு மேலயே ஊத்துறாங்க, பிளீச்ல இருக்கிற குளோரின் அதுலயே தீர்ந்துடும். நேத்துக் கலந்ததும் வீரியம் குறைஞ்சிருக்கும். கழிவறை ஆசிட்டோட மட்டும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். வாயில வைக்கிற பொம்மையைக் கடைசியா நல்ல தண்ணியில அலசுங்க.

வாசுகி:
நன்றிங்க. பேதி நின்ன மறுநாளே பிள்ளையைச் சேர்த்துக்கலாமா?

செவிலி:
வேண்டாம். கடைசி வாந்தி, பேதிக்கு அப்புறம் 48 மணி நேரம் வீட்டுல இருக்கட்டும். ஊழியர்களுக்கும் இதேதான்; சமையல்ல இருக்கிறவங்கன்னா ரொம்பக் கண்டிப்பா. குணமான பிறகும் ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ மலத்துல வைரஸ் வரலாம். அதனால டயப்பர் மாத்துறவங்க சோறு ஊட்டாம இருக்கிறது நல்லது. இதை யாரும் கண்டுக்கிறதில்லை.

பெற்றோர்கிட்ட ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பத்தியும் சொல்லுங்க: பொட்டலத்துல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில முழுப் பொட்டலத்தையும் கரைக்கணும். தண்ணி குறைஞ்சா உப்பு ஏறும், அது ஆபத்து. வாந்தி இருந்தா ஒவ்வொரு ஸ்பூனா, நிதானமா. 8 மணி நேரமா சிறுநீர் இல்லை, கண் உள்வாங்குது, துவண்டு கிடக்குது, மலத்துல ரத்தம்: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டர்.