பழைய லாரியின் ஸ்டீயரிங் கையில் ஒட்டுகிறது, என்ன செய்யலாம்?

லாரிக்காரர் மகன்:
அப்பா ஓட்டிய 1960களின் லாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். இன்ஜின், பிரேக் எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது, ஸ்டீயரிங்தான் படுத்துகிறது. ஐந்து நிமிடம் பிடித்தால் உள்ளங்கையில் மை மாதிரி கருப்பு ஏறுகிறது, வெயிலில் தார் போல ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் அன்றைக்குச் சரி, மறுநாள் பழையபடிதான். குறுக்குக் கம்பி வளையத்தில் சேரும் இடத்தில் இரண்டு விரிசல் வேறு. தின்னர் போட்டுத் துடைக்கலாமா? புது வீல் மாட்ட மனசில்லை. அப்பா கை வைத்த இடம் லேசாகக் குழிந்து தேய்ந்திருக்கிறது, அது போய்விடக் கூடாது.

பட்டறைக்காரன்:
தின்னர், அசிட்டோன் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள் தம்பி. அந்தக் காலத்து வீல்களில் சில கெட்டி ரப்பர், சில செல்லுலோஸ் வகை பிளாஸ்டிக்; பின்னதில் அசிட்டோன் பட்டால் மேல்பரப்பே கரைந்துவிடும். ஒட்டுவது மேலே படிந்த அழுக்கா, வீலே இளகுகிறதா என்று முதலில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், வீலின் அடிப்பக்கம் நாலு விரல் அகலம் மட்டும் தேய்த்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். நாலைந்து முறைக்குள் கருப்பு நின்று, அடியில் கெட்டியாக இருந்தால் அது வெறும் வியர்வையும் கிரீஸும்தான். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் பொருளே சிதைகிறது, அதைத் துடைத்துத் தீர்க்க முடியாது, தோல் உறை தைத்துப் போடுவதே வழி.

பழைய இரும்பு:
சோப்புக்கு அப்புறமும் பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (துடைக்கப் பயன்படும் ஸ்பிரிட் வகை), அதுவும் துணியை நனைத்து, ஓரத்தில் சோதித்துவிட்டு. துணியில் வீலின் நிறமே ஏறினால் பெயிண்ட் இளகுகிறது, உடனே நிறுத்திவிடுங்கள். டாஷ்போர்டு பாலிஷ் மட்டும் வேண்டாம். நான் பளபளப்புக்காகப் போட்டு, அதிலிருந்த சிலிக்கோனால் பிறகு அடித்த பெயிண்ட் எங்கும் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி, முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விரிசலை அப்படியே பூசி மூடாதீர்கள். சிறிய அரத்தால் 'வி' வடிவில் அகலப்படுத்தி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சிப் பசையை மேடாகவே நிரப்பி, ஒரு முழு நாள் விட்டு, 80, 180, 320 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு உப்புத்தாள் போடுங்கள், பிறகு பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர். அப்பா தேய்த்த குழியில் எபாக்சி போகவே கூடாது, பெயிண்ட் மெல்லியதுதான், குழி அப்படியே கையில் தெரியும்.

லாரிக்காரர் மகன்:
சோப்பு போட்டுப் பார்த்தேன் அண்ணா, ஐந்தாவது துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது, நகமும் பதியவில்லை! அடியில் கரும்பச்சை, எனக்கு நினைவு தெரிந்து அது கருப்பு வீல்தான். கழற்றிச் செய்யவா, மாட்டியபடியேவா?

பட்டறைக்காரன்:
எபாக்சிக்குக் கழற்றுவதே நல்லது. ஹார்ன் வயர் இருப்பதால் பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள், தண்டிலும் வீலிலும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீலின் நடு நட்டை முழுக்க எடுக்காமல் நாலு சுற்று மிச்சம் விட்டு, வீலை இழுத்து எடுக்கும் புல்லர் கருவியைப் போடுங்கள், இல்லையென்றால் சட்டென விடுபடும் வீல் முகத்தில் அடிக்கும். சுத்தியல் வேண்டாம்.